எத்தனை வாசல்களைத் தட்டுவது? – கல்லூரி விண்ணப்பமும் தவக்குலும்

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்.

புகழனைத்தும் அல்லாஹ்வுக்கே. நமக்குக் கல்வியையும் ரிஸ்கையும் தருபவன் அவனே. ஸலவாத்தும் ஸலாமும் நம் உயிரினும் மேலான கண்மணி நாயகம் ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்கள் மீதும், அவர்களின் குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக!

கண்ணியத்திற்குரிய ஜமாஅத்தார்களே! பெரியோர்களே! பிளஸ் டூ முடித்துவிட்டு மார்க்கைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கும் அன்புப் பிள்ளைகளே! வீட்டிலிருந்து இந்த உரையைப் படிக்கும் தாய்மார்களே!

இந்த மாதத்தில் நம் மஹல்லாவில் எந்த வீட்டுக்குப் போனாலும் ஒரே பேச்சுதான். "எந்த காலேஜ்? எத்தனை காலேஜுக்குப் போட்டிருக்கிறீர்கள்?" சில வீடுகளில் ஒன்றே ஒன்றுக்குப் போட்டுவிட்டு நிம்மதியாக உட்கார்ந்திருக்கிறார்கள். சில வீடுகளில் இருபது கல்லூரிகளுக்குப் போட்டுவிட்டும் தூக்கமில்லாமல் கிடக்கிறார்கள். "இது உலக விஷயம்தானே, மிம்பரில் எதற்கு?" என்று யாராவது நினைக்கலாம். ஒரு பிள்ளையின் ஒரு வருட ஹயாத்தும், ஒரு தகப்பனின் ஹலாலான சம்பாத்தியமும் இதில் அடங்கியிருக்கின்றன. இந்த இரண்டைப் பற்றியும் நாளை மறுமையில் கேள்வி உண்டு. அதனால்தான் இன்று இதைப் பேசுகிறேன்.

இன்னொரு காரணமும் இருக்கிறது. இந்த விஷயத்தில் நான் ஒரு தவறு செய்திருக்கிறேன். முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

நான் சொன்ன தவறான ஆலோசனை

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு நாள் அஸர் தொழுகை முடிந்து உட்கார்ந்திருந்தேன். தள்ளுவண்டியில் பழ வியாபாரம் செய்யும் ஒரு பாய் வந்தார். சட்டைப் பையிலிருந்து நான்காக மடித்த காகிதத்தை எடுத்தார். மகனின் மார்க் லிஸ்ட்.

"ஹஜ்ரத், பையன் 600க்கு 412 எடுத்திருக்கான். பி.காம். படிக்கணும்னு சொல்றான். ஸ்கூல்ல ஏழெட்டு காலேஜுக்குப் போடச் சொல்றாங்க. ஃபாரத்துக்கே ஒவ்வொரு இடத்திலயும் முந்நூறு, ஐந்நூறுன்னு ஆகுது. எனக்கு அது ரெண்டு மூணு நாள் வியாபாரம். என்ன செய்யட்டும் ஹஜ்ரத்?"

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "பாய், நஸீபில் உள்ளது எங்கேயும் போகாது. நல்ல காலேஜா ஒண்ணு பார்த்துப் போடுங்க. அல்லாஹ் மேல பாரத்தைப் போட்டுட்டுப் போங்க."

அவரும் என் பேச்சைக் கேட்டு, நகரத்தில் பெயர்போன ஒரே ஒரு கல்லூரிக்கு மட்டும் விண்ணப்பித்தார். முதல் லிஸ்ட் வந்தது, பெயர் இல்லை. இரண்டாவது லிஸ்ட், மூன்றாவது லிஸ்ட்டிலும் பெயர் இல்லை. பிறகு மற்ற கல்லூரிகளுக்கு ஓடினார்கள். அங்கே பி.காம். இடங்கள் நிரம்பிவிட்டன. அரசுக் கல்லூரியில் விண்ணப்பத் தேதியே முடிந்துவிட்டது. "ஒரு வருஷம்தானே அத்தா, அடுத்த வருஷம் பார்த்துக்கலாம்" என்று அந்தப் பையன் ஒரு செல்போன் கடையில் வேலைக்குச் சேர்ந்தான்.

அந்த ஒரு வருஷம் இன்னும் முடியவில்லை. பையன் உழைப்பாளி, ஹலாலாகச் சம்பாதிக்கிறான், அல்ஹம்து லில்லாஹ். ஆனால் அவன் படிக்க ஆசைப்பட்டதைப் படிக்கவில்லை. அவனுடைய அத்தா இன்றுவரை என்னை ஒரு வார்த்தை குறை சொன்னதில்லை. அதே ஸஃப்பில் நின்று என் பின்னால் தொழுகிறார். அதுதான் எனக்கு அதிகக் கஷ்டமாக இருக்கிறது.

அன்று தவக்குலைச் சொல்லிக்கொடுத்ததாக நினைத்தேன். யோசித்துப் பார்த்தால், நான் சொல்லிக்கொடுத்தது பாதித் தவக்குல். ஒட்டகத்தைக் கட்டாமல் தவக்குல் வைக்கட்டுமா என்று கேட்டவரிடம், கட்டிவிட்டுத் தவக்குல் வையுங்கள் என்ற கருத்தில் பெருமானார் (ஸல்) அவர்கள் சொன்ன செய்தி திர்மிதியில் பதிவாகியிருக்கிறது. நான் அந்த பாயிடம் கயிற்றைப் பற்றிப் பேசவே இல்லை.

யஃகூப் நபியும் பல வாசல்களும்

அல்லாஹ்வின் நல்லடியார்களே! ஸூரா யூஸுஃபில் ஒரு தகப்பன் தன் பிள்ளைகளை வழியனுப்புகிற இடம் வருகிறது (12:67). நாட்டில் பஞ்சம். தானியத்துக்காக மிஸ்ருக்குப் போகிறார்கள். முதல் பயணம் முடிந்து இரண்டாவது பயணம். இந்த முறை புன்யாமீனும் கூடப் போகிறார். ஏற்கெனவே யூஸுஃபை இழந்த தகப்பன், நெஞ்சு பதறாமல் இருக்குமா?

அப்போது யஃகூப் (அலை) அவர்கள் பிள்ளைகளுக்கு ஓர் உபாயம் சொல்கிறார்கள். எல்லோரும் சேர்ந்து ஒரே வாசலில் நுழைய வேண்டாம், பிரிந்து வெவ்வேறு வாசல்கள் வழியாகப் போங்கள் என்பது அதன் கருத்து. அடுத்த மூச்சிலேயே, அல்லாஹ்வின் முடிவிலிருந்து எதையும் என்னால் தடுத்துவிட முடியாது, அதிகாரம் அவனுடையது, நான் அவன் மீதே பொறுப்புச் சாட்டியிருக்கிறேன் என்ற கருத்தையும் சொல்கிறார்கள்.

ஏன் அப்படிச் சொன்னார்கள்? அழகும் தோற்றமும் கொண்ட பதினொரு சகோதரர்கள் ஒன்றாகப் போனால் கண்ணேறு பட்டுவிடும் என்று அஞ்சினார்கள் என முஃபஸ்ஸிரீன்கள் பலர் விளக்கம் தருகிறார்கள். ஆயத்து இறங்கியது கல்லூரி விண்ணப்பத்துக்காக அல்ல, அது எனக்குத் தெரியும். ஆனால் ஒரு தகப்பன் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்ற பாடம் அதில் இருக்கிறது. வாசல்களைப் பற்றிய யோசனையும் தவக்குலும் ஒரு நபியின் வாயிலிருந்து ஒரே பேச்சில் வருகின்றன. வாசலைப் பற்றி யோசித்ததால் அவருடைய ஈமான் குறையவில்லை. பல வாசல்களைச் சொன்னதால், வாசல்தான் காப்பாற்றும் என்றும் அவர் நம்பிவிடவில்லை.

நம் வீடுகளில் நடப்பது என்ன? ஒரு கூட்டம் யஃகூப் நபியின் பேச்சில் பின்பாதியை மட்டும் எடுத்துக்கொள்கிறது: "அல்லாஹ் பார்த்துக்கொள்வான்." அவர்கள் ஒரே கல்லூரிக்குப் போடுகிறார்கள். இன்னொரு கூட்டம் முன்பாதியை மட்டும் எடுத்துக்கொள்கிறது. இருபது வாசலில் தட்டிவிட்டு, இருபத்தொன்றாவது எங்கே என்று தேடுகிறது. அவர்களுக்கு ராத்திரி தூக்கம் இல்லை.

சரி, எத்தனை?

ரஹ்மானின் அடியார்களைப் பற்றிச் சொல்லும்போது, செலவு செய்தால் வீண்விரயமும் செய்யமாட்டார்கள், கஞ்சத்தனமும் செய்யமாட்டார்கள், இரண்டுக்கும் நடுவில் நிற்பார்கள் என்ற கருத்தை அல்லாஹ் சொல்கிறான் (25:67). விண்ணப்பத்துக்கும் இதே அளவுகோல்தான். அந்த நடுநிலை எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிக்க இரண்டு கேள்விகளைச் சொல்கிறேன். வீட்டில் உட்கார்ந்து பிள்ளையோடு சேர்ந்து கேட்டுப் பாருங்கள்.

முதல் கேள்வி: "மற்ற எல்லாக் கதவுகளும் மூடிவிட்டால், இது கட்டாயம் திறக்குமா?" அல்லாஹ் நாடினால் திறக்கும் என்று போன வருட கட்-ஆஃபைப் பார்த்து உறுதியாகச் சொல்லக்கூடிய கல்லூரி குறைந்தது ஒன்றாவது, முடிந்தால் இரண்டு, பட்டியலில் இருக்க வேண்டும். அது இல்லாதவரை நீங்கள் பத்து கல்லூரிக்குப் போட்டிருந்தாலும் போதாது.

இரண்டாவது கேள்வி: "இது ஒன்று மட்டும் திறந்தால், நான் போய்ச் சேருவேனா?" சேரமாட்டேன் என்று மனம் சொன்னால், அந்தக் கல்லூரிக்கு ஐந்நூறு ரூபாய் கட்டாதீர்கள். ஒரு விண்ணப்பம் 500 ரூபாய் என்று வைத்தால் இருபது விண்ணப்பத்துக்கு 10,000 ரூபாய். போகவே போகாத பத்து இடங்களுக்குக் கட்டியது இஸ்ராஃப். அந்தப் பணத்தில் முதல் பருவத்துக்கான புத்தகமும் பஸ் பாஸும் வாங்கிவிடலாம்.

இந்த இரண்டு கேள்விகளையும் தாண்டி நிற்கும் கல்லூரிகளை மூன்று வகையாகப் பிரியுங்கள். பிள்ளையின் மார்க்கைவிடச் சற்று உயரத்தில் இருப்பவை இரண்டு. மார்க்குக்குச் சரியாக ஒத்து வருபவை மூன்று. நிச்சயம் கிடைக்கும் என்று சொல்லத்தக்கவை இரண்டு. ஆக ஏழு. கலை அறிவியல் படிக்கப் போகும் பெரும்பாலான பிள்ளைகளுக்கு இதுபோதும். கையில் காசு குறைவு என்றால் ஒன்று, இரண்டு, ஒன்று என்று நான்காகச் சுருக்குங்கள். ஆனால் மூன்று வகையில் எந்த வகையையும் விட்டுவிடாதீர்கள்.

இதைக் கவனமாகக் கேளுங்கள். ஒரே கட்-ஆஃப் உள்ள ஏழு பெரிய கல்லூரிகளுக்குப் போட்டுவிட்டு, "ஏழு வாசலில் தட்டினேன்" என்று சொல்ல முடியாது. 412 எடுத்த பிள்ளை, 540க்குக் கீழே எடுக்காத ஏழு இடங்களில் நின்றால், அது பூட்டிய ஒரே வாசலில் ஏழு தடவை தட்டியதுபோலத்தான். வாசல்கள் வெவ்வேறாக இருக்க வேண்டும். கல்லூரியும் மாறட்டும், பாடமும் மாறட்டும். பி.காம். மட்டும் அல்ல, பி.காம். சி.ஏ., பி.பி.ஏ., பொருளாதாரம் என்று பிள்ளைக்கு விருப்பமுள்ள அடுத்த பாடத்தையும் சேர்த்துப் போடுங்கள்.

அரசு கலை அறிவியல் கல்லூரிகளை மறக்காதீர்கள். ஆன்லைனில் ஒரே விண்ணப்பத்தில் பல கல்லூரிகளைத் தேர்ந்தெடுக்க வழி இருக்கிறது. கட்டணமும் குறைவு. அந்தத் தள்ளுவண்டி பாயிடம் நான் முதலில் இதைத்தான் சொல்லியிருக்க வேண்டும். வருடக் கட்டணமும் ஏழைக்கு எட்டக்கூடியது. "கவர்ன்மெண்ட் காலேஜா?" என்று முகம் சுளிப்பவர்கள், அங்கே பாடம் நடத்தும் பேராசிரியர்களின் தகுதியை ஒரு முறை விசாரித்துப் பாருங்கள்.

பொறியியல் கணக்கு வேறு

பொறியியலுக்குப் போகும் பிள்ளைகளுக்கு இந்த ஏழு என்ற கணக்கு பொருந்தாது. அங்கே கணிதம் 100, இயற்பியல் 50, வேதியியல் 50 என 200க்கு கட்-ஆஃப் கணக்கிடுகிறார்கள். ஒரே விண்ணப்பம், ஒரே கலந்தாய்வு. அதில் நானூறுக்கும் மேற்பட்ட கல்லூரிகள் இருக்கின்றன. உங்கள் சுற்று வரும்போது விருப்பப் பட்டியலை வரிசைப்படுத்திக் கொடுக்க வேண்டும். எத்தனை எழுதினாலும் கூடுதல் செலவு இல்லை. எனவே பத்து எழுதிவிட்டு எழுந்துவிடாதீர்கள். தாராளமாக எழுதுங்கள்.

பலர் செய்யும் ஒரு தவறு இருக்கிறது. "பெரிய காலேஜை முதலில் போட்டால் கிடைக்காமல் போய், கீழே உள்ளதும் போய்விடுமோ" என்று பயந்து, சுமாரான கல்லூரியை மேலே எழுதிவிடுகிறார்கள். அந்தப் பயம் தேவையில்லை. உங்கள் தரவரிசை வரும்போது கணினி பட்டியலை மேலிருந்து கீழாகப் பார்த்து, முதலில் எது காலியாக இருக்கிறதோ அதை ஒதுக்குகிறது. மேலே எழுதியது கிடைக்காததால் கீழே எழுதியது பறிபோகாது. மனதில் உள்ள வரிசையை அப்படியே எழுதுங்கள். சேரவே மாட்டேன் என்பதை மட்டும் எழுதாதீர்கள்.

சாதிச் சான்றிதழை இப்போதே சரிபாருங்கள். பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்களுக்கான 3.5 சதவீத இடஒதுக்கீடு 2007இல் தமிழகத்தில் நடைமுறைக்கு வந்தது. அது சமுதாயத் தலைவர்கள் பல ஆண்டுகள் போராடித் திறந்த வாசல். சான்றிதழில் எழுத்துப் பிழை என்பதற்காக அந்த வாசலை உங்கள் பிள்ளைக்கு மூடிவிடாதீர்கள். 6ஆம் வகுப்பு முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்த பிள்ளைகளுக்கு மருத்துவத்தில் 2020 முதலும், பொறியியல் போன்ற படிப்புகளில் 2021 முதலும் 7.5 சதவீத ஒதுக்கீடு இருக்கிறது. வீட்டில் முதல் பட்டதாரி என்றால் அதற்கும் சான்றிதழ் வாங்குங்கள். அரசுப் பள்ளியில் படித்த பெண் பிள்ளைகளுக்குப் புதுமைப் பெண், ஆண் பிள்ளைகளுக்குத் தமிழ்ப் புதல்வன் என்று மாதம் 1,000 ரூபாய் தரும் திட்டங்களும் இருக்கின்றன. இவற்றையெல்லாம் விசாரிக்காமல் "என்னால் படிக்கவைக்க முடியாது" என்று சொல்வதற்கு முன்னால் யோசியுங்கள்.

நீட் எழுதிவிட்டு முடிவுக்காகக் காத்திருக்கும் பிள்ளைகளே! "முடிவு வரட்டும், பிறகு பார்க்கலாம்" என்று மற்ற விண்ணப்பத் தேதிகளை நழுவ விடாதீர்கள். டாக்டர் ஆக துஆச் செய்யுங்கள். துஆச் செய்துகொண்டே பி.எஸ்ஸி.க்கும், ஃபார்மஸிக்கும் விண்ணப்பம் போட்டு வையுங்கள். இரண்டும் ஒன்றுக்கொன்று முரணானவை அல்ல.

மகளுக்கும் வாசல்கள் உண்டு

சகோதரர்களே, மனம் வருந்தினாலும் சொல்லித்தான் ஆக வேண்டும். மகனுக்கு எட்டு கல்லூரிக்குப் போடும் சில வீடுகளில், மகளிடம் மட்டும், "பக்கத்துல இருக்கிற காலேஜ்ல கிடைச்சா படி, இல்லேன்னா வீட்ல இரு" என்று சொல்கிறார்கள். மகனைவிட அவள் அறுபது மார்க் கூட எடுத்திருப்பாள். நுஃமான் இப்னு பஷீர் (ரலி) அவர்களின் தந்தை ஒரு பிள்ளைக்கு மட்டும் அன்பளிப்பு கொடுத்துவிட்டு வந்தபோது, அல்லாஹ்வை அஞ்சிப் பிள்ளைகளிடையே நீதமாக நடக்கும்படி பெருமானார் (ஸல்) அவர்கள் கட்டளையிட்ட செய்தி புகாரியில் இருக்கிறது. வாய்ப்பும் ஓர் அன்பளிப்புத்தான்.

உங்களுக்குப் பாதுகாப்பைப் பற்றிக் கவலை இருக்கலாம், அது நியாயம். அப்படியானால் பாதுகாப்பான வாசல்களாகப் பார்த்து மூன்று நான்கு தேடுங்கள். பெண்கள் கல்லூரி, கல்லூரிப் பேருந்து வரும் தூரம், நல்ல விடுதி, ஏற்கெனவே நம் ஊர்ப் பிள்ளைகள் படிக்கும் இடம் என்று விசாரியுங்கள். கவலையைச் சொல்லி ஒரே வாசலில் அவளை நிறுத்திவிட்டு, அதுவும் திறக்கவில்லை என்றால் "உன் நஸீப்" என்று சொல்லாதீர்கள்.

நம் முன்னோர்களை நினைத்துப் பாருங்கள். வாணியம்பாடியில் இஸ்லாமியாக் கல்லூரி 1919இல் உருவானது. 1951இல் சென்னையில் புதுக்கல்லூரியும் திருச்சியில் ஜமால் முஹம்மது கல்லூரியும் வந்தன. சென்னையில் பெண்களுக்கென்று நீதிபதி பஷீர் அஹமது சயீத் அவர்களின் முயற்சியில் 1955இல் கல்லூரி எழுந்தது. மேல்விஷாரத்தில் 1965இல் சி. அப்துல் ஹக்கீம் கல்லூரி, பாளையங்கோட்டையில் 1971இல் ஸதக்கத்துல்லாஹ் அப்பா கல்லூரி. ஊருக்கு ஊர் வாசல் கட்டி வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். அவற்றுக்கு விண்ணப்பிக்கக்கூட நாம் சோம்பல் படலாமா?

திறந்த எல்லா வாசலிலும் நுழையலாமா?

பெருமானார் (ஸல்) அவர்களின் ஸீராவில் ஒரு காலகட்டம். கதீஜா நாயகியும் அபூதாலிபும் மறைந்துவிட்டார்கள். தாயிஃப் நகரம் கல்லெறிந்து விரட்டியது. அதற்குப் பிறகு நாயகம் (ஸல்) அவர்கள் என்ன செய்தார்கள்? ஹஜ் காலத்தில் மினாவில் ஒவ்வொரு கூட்டத்தாரின் கூடாரமாகப் போய் அழைப்பு விடுத்தார்கள். கிந்தா, கல்ப், பனூ ஹனீஃபா, பனூ ஆமிர் என்று பட்டியல் நீள்கிறது. மறுத்தவர்களே அதிகம். பனூ ஆமிர் கூட்டத்தார் மட்டும் ஒரு நிபந்தனை வைத்தார்கள். உங்களுக்குப் பிறகு அதிகாரம் எங்களுக்குக் கிடைக்குமா என்று கேட்டார்கள். அது அல்லாஹ்வின் கையில் இருக்கிறது என்ற கருத்தில் பதில் சொல்லி, அந்த நிபந்தனையை நாயகம் (ஸல்) ஏற்கவில்லை. அதனால் அந்த வாசல் மூடிப்போனது. பிறகு அகபாவில், யஸ்ரிபிலிருந்து வந்த ஆறு பேர் கிடைத்தார்கள். அடுத்த வருடம் பன்னிரண்டு பேர். அதற்கடுத்த வருடம் எழுபத்துச் சொச்சம் பேர். அந்த வாசல்தான் மதீனா ஆனது.

இதில் நமக்கு இரண்டு பாடங்கள். ஒன்று, உலகத்தின் தலைவரே பல வாசல்களில் போய் நின்றிருக்கிறார்கள், மறுப்பைத் தாங்கியிருக்கிறார்கள். நம் பிள்ளைக்கு மூன்று கல்லூரியில் "இல்லை" என்று வந்தால் அது அவமானம் அல்ல. இரண்டு, திறக்கிறது என்பதற்காக, ஆகாத நிபந்தனையோடு எந்த வாசலிலும் நாயகம் (ஸல்) நுழையவில்லை.

சீட் இருக்கிறது, ஆனால் நன்கொடை என்ற பெயரில் சில லட்சம் கொடு என்கிறார்களா? வட்டிக்கு வாங்கினால்தான் கட்ட முடியுமா? அந்த வாசல் வேண்டாம். வட்டியின் கடுமையை இந்த மிம்பரில் நான் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் "வட்டி ஹராம்" என்று ஜூலை மாதம் சொல்வதால் பயனில்லை. அப்போது கட்டணம் கட்ட மூன்று நாள்தான் கெடு இருக்கும், தகப்பன் தடுமாறிப்போவார். விண்ணப்பிக்கும் முன்பே மொத்தக் கணக்கைப் போடுங்கள். மூன்று வருடக் கட்டணம், விடுதி, சாப்பாடு, பயணம் எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதுங்கள். கடனில்லாமல் கட்டக்கூடிய வாசல்கள் குறைந்தது இரண்டு பட்டியலில் இருக்கட்டும். அப்படி இருந்தால் ஷைத்தான் வட்டியைக் காட்டும்போது, "எனக்கு வேறு வழி இருக்கிறது" என்று சொல்ல முடியும்.

ஏஜெண்டுகளிடம் எச்சரிக்கையாக இருங்கள். "வெளி மாநிலத்தில் நர்ஸிங் சீட், உடனே அட்வான்ஸ் கொடுங்கள்" என்பவர்களிடம் அசல் சான்றிதழைக் கொடுத்துவிடாதீர்கள். எந்தப் பல்கலைக்கழகத்தோடு இணைப்பு, எந்தக் கவுன்சில் அங்கீகாரம் என்று பார்த்துவிட்டுத்தான் விண்ணப்பம்.

இடத்தைப் பிடித்து வைக்காதீர்கள்

பல இடங்களில் விண்ணப்பிப்பது கூடும். ஆனால் நான்கு இடத்தில் சீட் கிடைத்தபின், ஓர் இடத்தில் சேர்ந்துவிட்டு மற்ற மூன்றையும் சொல்லாமல் கையில் வைத்திருக்கிறார்களே, அது சரியா? தனக்கு விரும்புவதைத் தன் சகோதரனுக்கும் விரும்பாதவரை ஈமான் பூரணமாகாது என்ற கருத்துள்ள ஹதீஸ் நமக்குத் தெரியும். காத்திருப்போர் பட்டியலில் ஒரு பிள்ளை தினமும் செல்போனைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. நீங்கள் சேராத இடத்தை ஒரு வாரம் முன்பே விட்டுக்கொடுத்தால், அந்த வீட்டில் அடுப்பு சந்தோஷமாக எரியும். அந்தத் தள்ளுவண்டி பாயின் மகனுக்கு முன்னால் யாராவது ஒருவர் அப்படி விட்டுக்கொடுத்திருந்தால் என்று நான் பலமுறை நினைத்ததுண்டு.

"பணம் கட்டிவிட்டோமே, சர்டிஃபிகேட்டைக் கொடுத்துவிட்டோமே" என்று தயங்க வேண்டாம். கல்லூரிகள் அசல் சான்றிதழ்களைப் பிடித்து வைக்கக் கூடாது, உரிய தேதிக்குள் விலகினால் கட்டணத்தைத் திருப்பித் தர வேண்டும் என்று பல்கலைக்கழக மானியக் குழு 2018இல் அறிவித்திருக்கிறது. தாமதமாகச் சொன்னால் திரும்பக் கிடைக்கும் தொகை குறையும். எனவே சீக்கிரம் சொல்வது உங்களுக்கும் நல்லது, அடுத்த பிள்ளைக்கும் நல்லது.

மஷூராவும் இஸ்திகாராவும்

ஆலோசனை செய்யுங்கள், முடிவெடுத்துவிட்டால் அல்லாஹ்வின் மீது தவக்குல் வையுங்கள் என்ற கட்டளை நாயகம் (ஸல்) அவர்களுக்கே வந்தது (3:159). யாரிடம் ஆலோசிப்பது? அந்தக் கல்லூரியில் இப்போது படிக்கும் இரண்டு பிள்ளைகளிடம், பள்ளி ஆசிரியரிடம், முக்கியமாகப் படிக்கப்போகும் பிள்ளையிடம். பக்கத்து வீட்டுக்காரர் மகன் போனார் என்பதற்காகப் போவது மஷூரா ஆகாது. என்னைப் போன்ற ஆலிம்களிடம் ஹலால் ஹராமைக் கேளுங்கள். கட்-ஆஃபைத் தெரிந்தவரிடம் கேளுங்கள். அன்று நான், "எனக்கு இது தெரியாது பாய், தெரிந்த ஆசிரியரிடம் கூட்டிப் போகிறேன்" என்று சொல்லியிருக்க வேண்டும்.

பிறகு இஸ்திகாரா. ஜாபிர் (ரலி) அறிவிக்கும் அந்த துஆவின் கருத்தைப் பாருங்கள். இது எனக்கு நல்லதென்றால் இலகுவாக்கு, கெட்டதென்றால் என்னைவிட்டும் திருப்பிவிடு என்று கேட்பதோடு அது நிற்கவில்லை. நன்மை எங்கே இருந்தாலும் அதை எனக்கு ஏற்படுத்தி, அதில் என்னைத் திருப்தியடையச் செய் என்றும் கேட்கிறோம். எங்கே இருந்தாலும்! வாசலின் பெயரைச் சொல்லாமல் கேட்கும் துஆ அது. கனவில் கல்லூரிக் கட்டடம் தெரிய வேண்டும் என்று காத்திருக்காதீர்கள். இரண்டு ரக்அத் தொழுது, துஆ ஓதிவிட்டு, கடைசித் தேதிக்கு முன்னால் விண்ணப்பத்தை அனுப்புங்கள்.

இதற்குப் பிறகும் ஆசைப்பட்டது கிடைக்கவில்லை என்றால்? முஸ்லிம் கிரந்தத்தில் வரும் ஹதீஸின் கருத்து: உனக்குப் பயன் தருவதில் ஆசை வை, அல்லாஹ்விடம் உதவி தேடு, இயலாமையில் உட்கார்ந்துவிடாதே, ஏதாவது நேர்ந்துவிட்டால் "அப்படிச் செய்திருந்தால்" என்று புலம்பாதே. வரிசையைக் கவனியுங்கள். முயற்சி முதலில், பொருந்திக்கொள்வது கடைசியில். முயற்சியே செய்யாமல் பொருந்திக்கொள்வதற்கு ஸப்ர் என்று பெயரில்லை. முயற்சி செய்துவிட்டு, கிடைத்த கல்லூரியில் சேர்ந்த பிள்ளையிடம், "போயும் போயும் இந்தக் காலேஜா" என்று உறவினர்கள் பேசாதீர்கள். நாம் வெறுக்கும் ஒன்றில் நன்மை இருக்கலாம் என்று அல்லாஹ் சொல்கிறான் (2:216). அந்தப் பிள்ளையின் மதீனா அதுவாக இருக்கலாம்.

இன்று அஸருக்குப் பிறகு

நிர்வாகத்தாரிடம் பேசி ஓர் ஏற்பாடு செய்திருக்கிறோம். விண்ணப்பக் காலம் முடியும்வரை ஒவ்வொரு நாளும் அஸர் முதல் மஃக்ரிப் வரை மத்ரஸா அறையில் இரண்டு கம்ப்யூட்டர்கள் இருக்கும். நம் மஹல்லாவில் கல்லூரியில் படிக்கும் பிள்ளைகள் உட்கார்ந்து உதவுவார்கள். மார்க் லிஸ்ட், சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், ஆதார் எடுத்துக்கொண்டு வாருங்கள். விண்ணப்பக் கட்டணம் கட்டச் சிரமப்படுவோர் என்னிடம் தனியாகச் சொன்னால் போதும், பைத்துல்மாலிலிருந்து கட்டிவிடுவோம். யார் பெயரும் வெளியே வராது. வசதியுள்ளவர்களே, ஒரு பிள்ளையின் நான்கு விண்ணப்பத்துக்கு ஆகும் செலவை ஸதகாவாக ஏற்றுக்கொள்ளுங்கள்.

அந்தத் தள்ளுவண்டி பாயின் இளைய மகள் இந்த வருடம் பிளஸ் டூ முடித்திருக்கிறாள். போன வாரம் அவர் மறுபடியும் மார்க் லிஸ்டோடு வந்தார். "ஹஜ்ரத், எத்தனைக்குப் போடட்டும்?" என்று கேட்டார். இந்த முறை நாங்கள் இருவரும் சேர்ந்து உட்கார்ந்து, ஆசிரியர் ஒருவரையும் அழைத்து, அரசுக் கல்லூரி விண்ணப்பத்தோடு சேர்த்து ஆறு என்று எழுதினோம். எழுதி முடித்துவிட்டு அவர் இரண்டு கையையும் ஏந்தினார். நானும் ஏந்தினேன். நீங்களும் அந்தப் பிள்ளைக்காகவும், நம் பிள்ளைகள் அனைவருக்காகவும் ஆமீன் சொல்லுங்கள்.

யா அல்லாஹ்! எங்கள் பிள்ளைகளுக்குப் பயனுள்ள கல்வியைத் தருவாயாக! அவர்களுக்கு ஹைரான வாசல்களைத் திறந்து, ஷர்ரான வாசல்களை மூடிவிடுவாயாக! வட்டியின் பக்கம் எங்கள் தேவை எங்களைத் தள்ளிவிடாமல் காப்பாயாக! நாங்கள் தவறாகச் சொன்ன ஆலோசனைகளை மன்னித்து, அதனால் பாதிக்கப்பட்டவர்களுக்கு அதைவிடச் சிறந்ததைக் கொடுப்பாயாக! ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.

வஆகிரு தஃவானா அனில் ஹம்துலில்லாஹி ரப்பில் ஆலமீன். வஸ்ஸலாமு அலைக்கும் வரஹ்மத்துல்லாஹி வபரகாத்துஹு.